கொங்கு நாட்டில் பள்ளிச் செய்தி வீடு சேர்ந்த வரலாறு

காவிரிப் படுகையின் ஊர்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டித் தெருவாக நிற்க, நொய்யலுக்கும் அமராவதிக்கும் இடைப்பட்ட கொங்கு மேட்டு நிலத்திலோ குடியானவர்கள் தத்தம் கிணற்றையும் தோட்டத்தையும் ஒட்டிச் சாளை அமைத்துக்கொண்டு, ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று காடுகள் கிடக்கும்படியாக வாழ்ந்து வந்தார்கள். பாளையம் என்றும், வலசு என்றும், புதூர் என்றும் பெயர் பூண்ட சிறு குடியிருப்புகள் பலவற்றின் தொகுதிக்கே அங்கு ஊர் என்று பெயர். விடியுமுன் கவலை பூட்டி வெயில் ஏறும்வரை நீர் இறைக்கும் குடும்பம், சந்தை நாளும் நோம்பி நாளும் தவிர, ஊருக்குள் வர வேண்டிய அவசியம் அதிகம் இல்லாதது. இத்தகைய நாட்டில் பள்ளிக்கூடம் ஒன்று நடந்ததென்றால், நாளை விடுமுறை என்பதையும், மறுநாள் பூஜை என்பதையும், அதிகாரி வருகிறார் என்பதையும் அந்தச் சாளைகளுக்குத் தெரிவித்தவர் யார், எவ்வாறு தெரிவித்தார் என்ற கேள்வி சிறியதாகத் தோன்றினாலும், அதன் விடை இருநூறு ஆண்டுக் காலத்தின் கல்வி வரலாற்றையே தன்னுள் அடக்கியது.

பஞ்சாங்கம், சட்டாம்பிள்ளை, பறை, கால் அணா அட்டை, அச்சடித்த நோட்டீசு, வானொலி, கைப்பேசி என்று கருவிகளை வரிசையாக அடுக்கி, இது விஞ்ஞான வளர்ச்சியின் கதை என்று முடித்துவிடுவது எளிது. ஆயினும் பழைய சங்கதிகளைக் கூர்ந்து நோக்குவோர்க்கு வேறொன்று தெளிவாகும். உபாத்தியாயர் தம் ஜீவனத்துக்கு வீட்டை நம்பியிருந்த காலங்களில் செய்தி அவருடைய காலடியிலேயே வீடு சென்றது. அந்த நம்பிக்கை வேறிடத்துக்கு மாறிய காலங்களில் செய்தி காகிதத்தின் மேலும் காற்றின் மேலும் ஏறிச் சென்றது. கருவியைத் தேர்ந்தெடுத்தது விஞ்ஞானம் மட்டும் அன்று. யார் யாரை நம்பி வாழ்ந்தார் என்ற நிலைமையும் அதைத் தேர்ந்தெடுத்தது.

சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோ, நாட்டுக் கல்வியின் நிலையை அறிந்து எழுதுமாறு 1822-இல் கலெக்டர்கள் அனைவருக்கும் உத்தரவிட்டார். உதகமண்டலத்தை உலகுக்கு அறிமுகப்படுத்தியவராகப் பெயர் பெற்ற ஜான் சல்லிவன் அப்போது கோயமுத்தூர் கலெக்டர். இன்றைய ஈரோடு, திருப்பூர், கரூர்ப் பகுதிகளும், கொள்ளேகாலமும் அடங்கிய அந்தப் பெரிய ஜில்லாவில் 763 பள்ளிக்கூடங்களும் அவற்றில் 8,206 பிள்ளைகளும் இருப்பதாக அந்த ஆண்டின் நவம்பர் மாதத்தில் அவர் எழுதி அனுப்பினார். வகுத்துப் பார்த்தால் பள்ளி ஒன்றுக்குப் பத்துப் பதினொரு பிள்ளைகளே ஆவர். ஐந்து வயதில் சேர்ந்து பதின்மூன்று, பதினான்கு வயதுவரை ஓதும் அந்தப் பத்துப் பேரின் தாய் தந்தையரையும், பாட்டன் பாட்டியரையும், அவ்வீட்டுக் கறவை மாட்டையும்கூட உபாத்தியாயர் அறிந்திருப்பார் என்று கொள்வதில் பிழை இல்லை.

அந்தத் திண்ணைப் பள்ளிகளில் விடுமுறையைத் தெரிவிக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் எழவில்லை. அமாவாசை, பௌர்ணமி, பிரதமை, அஷ்டமி ஆகிய திதிகளில் பாடம் இல்லை என்பது நாடறிந்த சம்பிரதாயம். பிள்ளையை அனுப்பலாமா என்று ஐயம் கொண்ட வீட்டார் முன்னிரவில் வாசலுக்கு வந்து நிலவை நோக்கினால் போதும். வீட்டுக்கும் கோயிலுக்கும் உழவுக்கும் எந்தக் காலக்கணக்கோ அதுவே பள்ளிக்கும் காலக்கணக்காக இருந்தமையால், பள்ளிக்கூடம் தனியே ஓர் அறிவிப்புப் பலகையைத் தேடவில்லை. விஜயதசமியன்று பிள்ளையைப் பள்ளியில் வைப்பது என்பதும் அவ்வாறே. அந்த நாளை எந்த ஊரிலும் யாரும் யாருக்கும் சொல்லி அனுப்பியதில்லை.

ஜீவனமோ முழுவதும் வீட்டாரின் கையில் இருந்தது. மாதந்தோறும் காசு தரக்கூடியவர் சிலர். களத்துமேட்டில் கம்போ சோளமோ ராகியோ அடித்துத் தூற்றியபின் உபாத்தியாயருக்கென்று வள்ளத்தால் அளந்து ஒதுக்கியவர் பலர். நவராத்திரி வந்தால் உபாத்தியாயர் தம் மாணாக்கரை அலங்கரித்து, கோலாட்டக் கழிகளைக் கையில் கொடுத்து, பாட்டுகளைப் பயிற்றி, ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் அழைத்துச் செல்வார். தம் இளமைக் காலத்துத் திண்ணைப் பள்ளிகளைப் பற்றி ‘என் சரித்திர’த்தில் எழுதிய உ. வே. சாமிநாதையர் சோழ நாட்டுப் பக்கத்தில் இருந்த இவ்வழக்கத்தை விவரித்திருக்கிறார். தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகளிலும் இது பரவியிருந்தது. உபாத்தியாயருக்குச் சன்மானம் சேர்ப்பது இவ்வூர்வலத்தின் வெளிப்படையான நோக்கம். எனினும் பேரன் எத்தனை பாட்டுக் கற்றான், அவனுடைய உச்சரிப்பு எப்படி, கூச்சம் தெளிந்திருக்கிறதா என்பவற்றையெல்லாம் தன் வாசலிலேயே நின்று பாட்டி தெரிந்துகொண்டாள் என்பதையும் எண்ணினால், இக்காலத்துப் பள்ளிகள் ஆண்டு விழா என்றும், பெற்றோர் தினம் என்றும், மதிப்பெண் அறிக்கை என்றும் மூன்றாகப் பிரித்துச் செய்யும் காரியத்தை அந்த ஓர் ஊர்வலம் ஒருங்கே செய்தது என்பது விளங்கும்.

அன்றாடச் செய்தியைச் சுமந்தவன் சட்டாம்பிள்ளை. மூத்த மாணாக்கனாகிய இவன் இளையவர்க்குப் பாடம் சொல்வதோடு, வராத பிள்ளையை அவன் வீட்டுக்கே போய்ப் பிடித்து வரும் அதிகாரமும் பெற்றிருந்தான். இரண்டு மூன்று பையன்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தோட்டத்து வரப்பில் அவன் வருவதைக் கண்டதும், கட்டுத்தறிக்குப் பின்னால் ஒளிபவனும், சோளத் தட்டுப் போருக்குள் புகுபவனும், இல்லாத வயிற்று வலியை வரவழைத்துக்கொள்பவனுமாகப் பிள்ளைகளின் உபாயங்கள் பலவகைப்படும். ஒளிந்தவனைத் தேடிப் பிடிப்பதற்குள் சட்டாம்பிள்ளைக்கு ஒரு சொம்பு மோர் கிடைக்கும். அந்த மோரைக் குடித்து முடிக்கும் நேரத்தில், பையன் நேற்று எங்கே போனான் என்பது வீட்டுக்கும், வீட்டில் விதைப்பு நடப்பதால்தான் அவன் வரவில்லை என்பது பள்ளிக்கும் தெரிந்துவிடும். சென்னையில் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்ட ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், எழும்பூரில் தாம் நடத்திய அநாதைச் சிறுவர் விடுதியில் மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையைக் கையாண்டு, 1797-இல் இலண்டனில் அதை நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அம்முறை மிகவும் பிரசித்தி அடைந்தது. ஆனால் அங்கு புகழடைந்தது, மாணவன் பாடம் சொல்லும் பகுதி. அவன் வீட்டுக்கு நடந்துபோய்ப் பேசிவிட்டு வரும் பகுதியை நம் திண்ணைகளே தம்மிடம் வைத்துக்கொண்டன.

இவ்வளவு நெருக்கத்தைப் பாராட்டும்போது, அந்நெருக்கம் யாருக்கு வாய்த்தது என்பதையும் சொல்லாமல் விடுவது நியாயம் ஆகாது. சல்லிவன் எழுதிய 8,206 பேரில் பெண் குழந்தைகள் 82 பேரே. தீண்டாமையின் கொடுமைக்கு ஆட்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அத்திண்ணைகளில் இடம் இல்லை. ஊர் முழுவதற்கும் சேதி சொல்ல வேண்டிய சந்தர்ப்பங்களில் பறையோ தமுக்கோ அடித்துக்கொண்டு பாளையம் பாளையமாகச் சென்றவர் அந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவரே. அவர் குரலைக் கேட்டுப் பிறர் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் திரண்டிருக்க, அவர் வீட்டுப் பிள்ளை அந்தத் திண்ணையின் படியைக்கூட மிதித்ததில்லை. பள்ளியிலிருந்து செய்தி பெற வேண்டுமானால் முதலில் பள்ளியில் பிள்ளை இருக்க வேண்டும்; அவ்வுரிமை அவ்வீடுகளுக்கு வர நெடுங்காலம் ஆயிற்று.

1830-ஆம் ஆண்டில் கோயமுத்தூருக்கு வந்த இலண்டன் மிஷனைச் சேர்ந்த அடிஸ் பாதிரியார் பள்ளிகள் நிறுவத் தொடங்கியதும், 1854-இல் வுட் என்பவரின் கல்விச் சாசனம் வந்ததும், அதன்படி கல்வி இலாகா ஏற்பட்டதும் பழைய ஒழுங்கை மெல்ல மாற்றின. திதிகளின் இடத்தில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. பஞ்சாங்கத்தின் இடத்தில் இலாகாவின் விடுமுறைப் பட்டியல் வந்தது. நிலவைப் பார்த்து அறிய முடிந்ததை இனி வாத்தியார் வாயால் அறிய வேண்டியிருந்தது. அமாவாசையன்று பள்ளி உண்டு என்பதையும், ஆடி நோம்பிக்கு மறுநாளே பள்ளி திறக்கும் என்பதையும் குடியானவர் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்லி நம்ப வைப்பது எளிய காரியமாக இருந்திருக்க முடியாது. பள்ளியின் காலக்கணக்கும் வீட்டின் காலக்கணக்கும் பிரிந்த அந்த இடத்திலேதான் அறிவிப்பு என்ற ஒன்று பிறந்தது. ஒரே கணக்கில் வாழ்பவர்கள் ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லையல்லவா?

அக்காலத்தில் பள்ளிச் செய்திகளுள் தலையாயது இன்ஸ்பெக்டரின் வருகை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்து ஆரம்பப் பள்ளிகள் பலவற்றுக்குச் சர்க்கார் மானியம் தேர்ச்சியின் பேரில் அளக்கப்பட்டது. அதாவது, பரீட்சை நாளில் வந்திருந்து, அதிகாரியின் முன் வாசித்து, எழுதி, கணக்குப் போட்டுத் தேறும் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தே பள்ளிக்குப் பணம் வரும். அன்று சந்தைக்குப் போகும் தகப்பன் பையனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டால் உபாத்தியாயரின் வருமானத்தில் ஒரு பகுதி அவனோடு சந்தைக்குப் போய்விட்டது என்று பொருள். ஆகவே அதிகாரியின் வண்டி பக்கத்து ஊர்ச் சத்திரத்தை அடைந்தது என்று கேள்விப்பட்டவுடன், உபாத்தியாயர் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு சாளை சாளையாக நடந்தார். “ஏனுங்க, நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் பையனை மாடு மேய்க்க அனுப்பிப்போடாதீங்க, குளிக்க வெச்சு அனுப்புங்க” என்று வேண்டிக்கொண்டார். களத்துத் தானியத்துக்காக நடந்த கால்களே இப்போது சர்க்கார் மானியத்துக்காக நடந்தன. நம்பிக்கை இடம் மாறியது எனினும், பிள்ளையின் வருகை இன்னும் வீட்டின் கையில் இருந்தமையால் நடை நிற்கவில்லை.

1879 ஜூலை முதல் தேதியன்று கால் அணா விலையில் அஞ்சலட்டை இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. கிராமங்களில் கிளைத் தபாலாபீசுகளைத் தொடங்கிய தபால் இலாகா, எழுதப் படிக்கத் தெரிந்தவரும் பகலில் ஓரிடத்தில் இருப்பவருமாகிய பள்ளி உபாத்தியாயரிடமே பல இடங்களில் அவ்வேலையையும் சிறு சம்பளத்துக்கு ஒப்படைத்தது. இதனால் விளைந்த பயன் எதிர்பாராதது. நீலகிரியிலோ ஆனைமலையிலோ தோட்ட வேலைக்குப் போன மகன் எழுதிய அட்டையை வாங்கிப் படித்துக் கேட்க வேண்டி, எழுத்தறியாத தாய் பள்ளிக்கூட வாசலுக்கே வந்தாள். அட்டையைப் படித்துச் சொன்ன உபாத்தியாயர், அதே மூச்சில், இளையவன் வாய்ப்பாட்டில் பின்தங்கியிருப்பதையும் சொல்லி அனுப்ப முடிந்தது. பள்ளியிலிருந்து செய்தி வீட்டுக்குப் போவதற்கு மாறாக, வீடே தன் சொந்தக் காரியத்துக்காகப் பள்ளியைத் தேடி வந்த அரிய ஏற்பாடு அது.

1871-இன் லோக்கல் பண்டு சட்டமும், 1884-இன் ஸ்தல ஸ்தாபனச் சட்டமும், 1920-இன் ஆரம்பக் கல்விச் சட்டமும் அடுத்தடுத்து வந்து, ஜில்லா போர்டுப் பள்ளிகளும் தாலூகா போர்டுப் பள்ளிகளும் பெருகின. தொழிலாளர் இலாகாவின் பள்ளிகள் வழியே, அதுவரை ஒதுக்கப்பட்டிருந்த சேரிப் பிள்ளைகளுக்கும் பாடசாலை கிடைத்தது. உபாத்தியாயருக்கு மாதச் சம்பளம் ஏற்பட்டது. வேற்றூர்க்காரர் மாற்றலாகி வரலானார். இம்மாறுதலின் நன்மையைக் குறைத்துப் பேசுதல் தகாது. களத்துமேட்டில் கைகட்டி நின்று வள்ளத் தானியத்துக்குக் காத்திருந்த மனிதர், ஊர்ப் பெரியவரின் முகக்குறிப்புக்கு அஞ்சாமல் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பலகையில் உட்கார வைக்கக்கூடியவர் ஆனார் என்றால், அந்தத் தைரியத்தை அளித்தது அந்தச் சம்பளமே. ஆயினும் வீட்டுக்கும் அவருக்கும் இடையே இருந்த கயிறு நெகிழ்ந்ததும் அப்போதுதான். நடந்து போய்ச் சொல்ல வேண்டிய நிர்ப்பந்தம் அற்றுப்போகவே, ‘வீட்டில் போய்ச் சொல்’ என்று பிள்ளையிடம் சொல்லிவிடும் வழக்கம் வேரூன்றியது.

பிள்ளையைப் போல நம்பத்தகாத தூதர் வேறு இல்லை என்பதைப் பெற்றோர் ஆனவர் அனைவரும் அறிவர். விடுமுறைச் செய்தி பிள்ளையின் வாயில் வீட்டை அடைவதற்குள் ஒரு நாள் கூடிவிடுவதும், ‘அப்பாவை அழைத்து வா’ என்ற செய்தி வழியிலேயே தொலைந்துபோவதும் எக்காலத்துக்கும் உரியவை. இக்குறையைத் தீர்க்கவே காகிதம் வந்தது.

கோயமுத்தூரில் காகிதத்துக்கும் அச்சுக்கும் பஞ்சமில்லாத காலம் அதற்குள் வந்திருந்தது. 1888-இல் முதல் பஞ்சாலை தொடங்கிய அந்நகரில், 1914-இல் வெரைட்டி ஹால் என்னும் நிரந்தரப் படக்கொட்டகையை நிறுவிய சாமிக்கண்ணு வின்சென்ட், மின்விசையால் இயங்கும் அச்சுக்கூடம் ஒன்றையும் நடத்தினார். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து ஆலைகள் பல்கியபோது, ஆலைச் சங்கின் ஓசையால் பொழுதை அளக்கும் குடும்பங்கள் பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் பெருகின. மாட்டு வண்டியின் இருபுறமும் தட்டி கட்டி, பேண்டு வாத்தியம் முழங்க, படக் கம்பெனியார் வாரி இறைத்த வண்ணக் காகிதங்களைப் பிள்ளைகள் ஓடி ஓடிப் பொறுக்கிய அந்தத் தெருக்களிலேயே, பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழா நோட்டீசும் அதே நிறத்தில், சில வேளைகளில் அதே அச்சகத்திலிருந்து, வெளிவரத் தொடங்கியது.

அந்த நோட்டீசின் அமைப்பு இன்றும் பலருக்கு நினைவிருக்கும். மெல்லிய மஞ்சள் அல்லது ரோஜா நிறக் காகிதம். மேலே நடுவில் ஒரு பிள்ளையார் சுழி. அதன் கீழே பள்ளியின் பெயர் பெரிய எழுத்தில். ‘அன்புடையீர்’ என்று தொடங்கி, நிகழும் தமிழ் ஆண்டு, மாதம், தேதி, கிழமை, அவற்றுக்கு நேரான ஆங்கிலத் தேதி ஆகிய அனைத்தையும் ஒரே வாக்கியத்தில் அடைத்து, ‘தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து விழாவைச் சிறப்பிக்க வேண்டுகிறோம்’ என்று முடியும் அழைப்பு. பின்னர் நிகழ்ச்சி நிரல். கடவுள் வணக்கம், வரவேற்புரை, ஆண்டறிக்கை, தலைமையுரை, பரிசளிப்பு, நாடகம், நன்றியுரை, நாட்டுப் பண். ஒவ்வொன்றுக்கும் எதிரே பெயர்கள். மாசிலாமணியாகவோ துரியோதனனாகவோ வேடம் புனையும் பிள்ளையின் பெயர் எவ்வளவு சிறிய எழுத்தில் இருந்தாலும், அந்த வீட்டில் அந்தக் காகிதம் நாள்காட்டிக்குப் பின்னால் செருகப்பட்டு அடுத்த ஆண்டுவரை இருக்கும். திருமணப் பத்திரிகையின் நடையை அப்படியே பள்ளி எடுத்துக்கொண்டதன் ரகசியமும் இதுவே. கொங்கு நாட்டில் பத்திரிகை வைத்து அழைத்த வீட்டுக்குப் போகாமல் இருப்பது பெருங்குறை. அந்த மரியாதையைத் தன் விழாவுக்கும் பெற்றுக்கொள்ள விரும்பிய பள்ளி, தெரிவிப்பதை விட்டு அழைக்கத் தலைப்பட்டது. தி. சு. அவினாசிலிங்கம் 1930-இல் தொடங்கிப் பின்னர்ப் பெரியநாயக்கன்பாளையத்தில் வேரூன்றிய ஸ்ரீ ராமகிருஷ்ண வித்தியாலயம் போன்ற நிறுவனங்கள் வளர்ந்த காலம் அது. பள்ளி விழா என்பது ஊர் விழாக்களுள் ஒன்றாகி, நாடகம் பார்க்க வரும் கூட்டம் பள்ளியின் அறிக்கையையும் பொறுமையோடு கேட்டுச் சென்றது.

அழைக்காமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கும் நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 1953-இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் பாட வேளையைச் சுருக்கி, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரிடம் தொழில் பயில வேண்டும் என்னும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பாதிக் கல்வியைப் பெற்றோரின் பொறுப்பில் விடும் ஒரு திட்டத்துக்கு அப்பெற்றோரின் சம்மதத்தை முன்னதாகக் கேட்கவில்லை. சாதித் தொழிலிலேயே பிள்ளைகளை அழுத்தும் ‘குலக்கல்வி’ என்று அதற்குப் பெயர் வைத்துப் பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் நடத்திய கிளர்ச்சியே அநேக வீடுகளுக்கு அத்திட்டத்தைப் பற்றிய முதல் செய்தியாகச் சென்று சேர்ந்தது. காமராசர் முதல்வர் ஆனபின், பொள்ளாச்சிப் பகுதியைச் சேர்ந்த கல்வியமைச்சர் சி. சுப்பிரமணியம் 1954 மே மாதத்தில் அதைக் கைவிடுவதாக அறிவித்தார். திட்டத்தின் குணதோஷங்களைப் பற்றி வேறு வேறு அபிப்பிராயங்கள் இருக்கலாம். வீட்டைக் கேளாமல் வீட்டின் மேல் வைத்த பாரம் ஓராண்டுக்கு மேல் தாங்கவில்லை என்பதில் அபிப்பிராய பேதத்துக்கு இடமில்லை.

இதற்கு நேர்மாறான முயற்சி அடுத்த சில ஆண்டுகளில் நடந்தது. கல்வித்துறையின் இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு, 1956-இல் மதிய உணவுத் திட்டத்தையும், 1958 ஜனவரியில் கடம்பத்தூரில் தொடங்கிப் பின் மாநிலம் முழுவதும் பரவிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளையும் மக்களின் கைப்பொருளைக் கொண்டே நடத்த முற்பட்டார். சர்க்கார் பள்ளிக்குக் கரும்பலகை வேண்டும், கடிகாரம் வேண்டும், ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை வேண்டும் என்று பட்டியலிட்டு, ஆசிரியர்கள் மீண்டும் வீடு வீடாக நடந்தார்கள். கோவை ஜில்லாவிலும் மாநாட்டுப் பந்தல்கள் எழுந்தன. ஆலை முதலாளி கட்டடம் தந்தார். குடியானவர் மூட்டை கணக்கில் தானியம் தந்தார். ஒன்றும் தர இயலாதவர் பந்தலுக்குக் கால் நட்டார். தம் பெயரால் ஒரு நாற்காலி இருக்கும் பள்ளியில் என்ன நடக்கிறது என்று கேட்டறியும் உரிமை தமக்கு உண்டு என்ற உணர்ச்சி கொடுத்தவரிடம் பிறந்தது. திண்ணைக் காலத்தில் தானியம் அளந்த கைக்கு இருந்த அதே உரிமை, இம்முறை ஓர் உபாத்தியாயரின் வயிற்றைப் பிணையாக வைக்காமலே, திரும்பக் கிடைத்தது என்று சொல்லலாம்.

அம்மாநாடுகளின் வேகம் அடங்கியபின், செய்தியின் வேகம் மட்டும் ஏறிக்கொண்டே வந்தது. பஞ்சாயத்து வானொலியைச் சுற்றி மாலையில் ஊர் கூடிய காலத்தில், 1966-இல் கோவைக்கென்று ஒரு வானொலி நிலையம் கிடைத்தது. பின்னாளில் தென்மேற்குப் பருவமழை வலுத்த காலைகளில், வால்பாறை வட்டத்துப் பள்ளிகளுக்கு இன்று விடுமுறை என்னும் ஆட்சியரின் அறிவிப்பு எஸ்டேட்டுக் குடியிருப்புகளை ஒரே நொடியில் எட்டியது. மழை நாளில் இதைக் காட்டிலும் பேருதவி இல்லை. 1970-களுக்குப் பின் பெருகிய மெட்ரிகுலேஷன் பள்ளிகளோ டைரி என்னும் கையடக்கப் புத்தகத்தைக் கொண்டுவந்தன. நாள்தோறும் ஆசிரியை எழுத, நாள்தோறும் பெற்றோர் கையொப்பமிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஆங்கிலத்தில் எழுதிய அந்தக் குறிப்பை, விசைத்தறி ஓட்டிக் களைத்து வந்த தாய்க்கு வாசித்துப் பொருள் சொன்னவன் யார் என்றால், எந்தப் பையனைப் பற்றிப் புகார் எழுதியிருந்ததோ அந்தப் பையனேதான். குற்றவாளியே மொழிபெயர்ப்பாளனாகவும் அமைந்த வழக்கில் தீர்ப்பு எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1981-இல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர் ஆனதோடு, பள்ளி முற்றிலும் அரசின் பொறுப்பு என்ற எண்ணம் நிலைபெற்றது. அந்த எண்ணத்துக்கு ஒரு திருத்தம் போல, 2009-இல் இயற்றிய கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழு என்பதை ஏற்படுத்தியது. குழுவின் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. நெடுநாள் பெயரளவில் இருந்த இக்குழுக்களை உயிர்ப்பிக்க வேண்டி, 2022 மார்ச் 20-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையன்று தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகள் அனைத்திலும் பெற்றோர் கூட்டம் நடைபெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அறிவிப்பைப் பிறப்பித்த அதே ஞாயிற்றுக்கிழமை, கூலி வேலைக்குப் போகும் பெற்றோர் பள்ளிக்கு வருவதற்கு உகந்த நாளாக இப்போது பயன்பட்டது.

இடையே 2020 மார்ச்சில் கொள்ளை நோயால் கதவடைத்த பள்ளிகள், வாட்ஸ்அப் குழுக்களின் வழியாக வீடுகளைத் தேடின. நோய் தணிந்தும் குழுக்கள் கலையவில்லை. நாளை சத்துணவில் என்ன, எந்த நாளில் தடுப்பூசி, என்றைக்கு விளையாட்டு விழா என்பவையெல்லாம் இன்று தறிக்குடோனிலும் பனியன் கம்பெனியிலும் இருக்கும் தாயின் கைப்பேசியை நொடியில் அடைகின்றன. திருப்பூர்ப் பள்ளிகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவ்வீடுகளுக்கு எழுத்தை அனுப்புவதைவிடக் குரலை அனுப்புவது பயன்படும் என்பதை ஆசிரியர்கள் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். தமுக்கின் காலமும் முடிந்தது. தண்டோரா போடும் வழக்கம் மனித மாண்புக்குப் பொருந்தாது என்றும், வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டிச் செய்தி சொன்னால் போதும் என்றும் 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு ஆட்சியர்களுக்கு எழுதினார். பிறர் பிள்ளைகளுக்காகப் பறை சுமந்த குடும்பங்களின் பேரப் பிள்ளைகள் இன்று அந்தப் பள்ளிகளில் மாணவராகவும் ஆசிரியராகவும் இருக்கிறார்கள்.

ஆக, செய்தி வீடு சேர்வது என்னும் சங்கடம் கொங்கு நாட்டில் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. தீராமல் இருப்பது, வீடு பள்ளிக்குத் திரும்பச் செய்தி சொல்லும் வழி. மோர்ச் சொம்பின் மேல் சட்டாம்பிள்ளை கேட்டறிந்ததும், அட்டை படிக்கச் சொல்லி வந்த தாயின் வாயிலிருந்து உபாத்தியாயர் கேட்டறிந்ததும், நாற்காலி கொடுத்த குடியானவர் உரிமையோடு விசாரித்ததும் இருவழிப் பேச்சுகள். தலைமையாசிரியர் மட்டும் பதிவிடலாம் என்று பூட்டிய குழுவிலோ, ஐம்பது பேர் கட்டைவிரலைக் காட்டிவிட்டு நகரும் குழுவிலோ அப்பேச்சு நடவாது. தானியம் அளந்து பெற்ற உரிமையைச் சட்டம் இப்போது தானியம் இன்றியே வீட்டுக்கு வழங்கியிருக்கிறது. அது வழங்கிய இடம் மேலாண்மைக் குழுவின் கூட்டம். அக்கூட்டத்தை மாலைச் சிப்டுக்குத் தாய் கிளம்பும் நேரத்தில் வைத்துவிட்டு, ‘தவறாது வரவும்’ என்று எத்தனை முறை அனுப்பினும் நாற்காலிகள் காலியாகவே இருக்கும். எந்த நாள், எந்த வேளை உங்களுக்குச் சௌகரியப்படும் என்று முதலில் கேட்டு, அதன்பின் தேதி குறிக்கும் பள்ளிக்கு நல்ல அச்சகமும் வேண்டாம், விலையுயர்ந்த கைப்பேசியும் வேண்டாம். வாய்ச்சொல்லே போதும், பெற்றோர் வருவார்கள்.